நான் எப்பங்க பகீர்னேன்?

அந்தப் பேப்பரைச் சித்த மடிச்சு வெய்யுங்க அம்மிணி. உங்க பேப்பரு, நீங்க காசு குடுத்து வாங்கினது, படிக்காதீங்கன்னு சொல்ல நான் ஆரு? ஆனா அந்த நாலாம் பக்கத்தைப் பாத்தா எனக்குக் காத்தால குடிச்ச காப்பி வெளிய வந்துரும் போல இருக்குது. ஊடுருவல் ஊடுருவல்னு இன்னும் எத்தனை நாளைக்கு எழுதுவானுகளோ, கருமம்.

இந்த பஸ்ஸுல நீங்க எதுவரைக்கும் போறீங்க? பழனியா? நல்லது, முருகனைப் பாருங்க. நான் தாராபுரம். மக ஊடு இருக்குது. சும்மாதான் போறேன், பாத்து நாளாச்சு.

என்ன அப்படிப் பாக்கறீங்க? எங்கியோ பாத்த மூஞ்சியாட்ட இருக்குதா? இருக்கும், இருக்கும். பாக்காதவிய ஆரு இருக்கறாங்க? பத்து நாளா என்ற மூஞ்சிதான் டிவியில ஓடுச்சு. "என் வீட்டில் வங்கதேசத்தவர்! வீட்டு உரிமையாளர் பகீர்!" அந்தப் பகீரு நான்தானுங்க. என்ற பேரு பாவாத்தா.

நான் எப்பங்க பகீர்னேன்? நீங்களே சொல்லுங்க. ஒரு பொம்பளை அவ ஊட்டு வாசல்ல நின்னு நாலு வார்த்தை பேசினா அதுக்குப் பேரு பகீரா?

இருங்க, மொதல்லருந்து சொல்றேன். அப்பத்தான் உங்களுக்கு இந்த நாறப் பொழப்பு வெளங்கும். எங்களுது பனியன் கம்பெனி ஏரியா. எங்கூட்டுக்காரர் உசுரோட இருந்தப்பவே பத்து லைன் ஊடு கட்டிப்போட்டாரு. ஒரே வரிசை, பத்து கதவு, நடுவால ஒரு தண்ணித் தொட்டி. முன்னெல்லாம் தேனி, மதுரைப் பக்கத்துச் சனம் வரும். இப்ப வாறதெல்லாம் வடக்க இருந்துதான். ரெண்டு ஊட்டுல ஒடியாக்காரங்க, நாலு ஊட்டுல பீகாரு, இப்படி. கடேசி ஊட்டுல அனாருல்னு ஒருத்தன், பொண்டாட்டி மர்ஜினா, ஒரு பொம்பளைப் புள்ளை. அனாருலுன்னு சொல்ல எனக்கு வாயில நுழையாது, அனாருன்னு கூப்புடுவேன். பனியன் தைக்கற பேட்லாக் மிசினு ஓட்டற டைலர். எட்டு வருசமா எங்கூட்லதான் குடி.

அவனைத்தானுங்க புடிச்சு உள்ள வெச்சிருக்கறாங்க. இன்னிக்குக் கோர்ட்டு. பதினோரு மணிக்கு.

தங்கமான மனுசன். அதை நான் எங்க வேணாலும் சொல்லுவேன். ஒரு பீடி கெடையாது, ஒரு தண்ணி கெடையாது. மீன் நாத்தம் ஒண்ணுதான் நமக்கு ஆகாது. அப்பறம் பொரி இருக்குது பாருங்க, நாம ஆயுத பூசைக்கு சாமிக்குப் படைக்கறோமே, அந்தப் பொரியில கடுகெண்ணையை ஊத்தி வெங்காயத்தை அரிஞ்சு போட்டுத் திங்கறான். எனக்கும் ஒரு கிண்ணத்துல குடுத்து உடுவா மர்ஜினா. கடுகெண்ணை காரம் மூக்குல ஏறுமுங்க. நான் வாங்கி, அவ அக்கட்டால போனதும் கோழிக்குப் போட்டுருவேன். மனசு நோகக் கூடாது பாருங்க.

நானும் லேசுப்பட்டவ இல்லீங்க, அவியளுக்கு எவ்வளவோ பண்ணியிருக்கறேன். அந்தப் புள்ளை ரிங்கியை இஸ்கோல்ல சேத்தறப்பக் கூடப் போனது ஆரு? நான்தான். ரெண்டாப்புப் படிக்குது. நம்மூருப் புள்ளைகளை விடச் சுத்தமாப் பேசும். "ஏனுங்காத்தா", "செரிங்காத்தா"ன்னு ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ஆத்தா. கேக்கறவிய இது கவுண்டர் ஊட்டுப் புள்ளையான்னு கேப்பாங்க.

போன மாசம் எனக்குக் கண்ணு ஆப்பரேசன். பொறையை எடுத்து லென்சு வெச்சாங்க. ஒரு மாசம் மூணு வேளை சொட்டு மருந்து உடோணும். என்ற மக வரேன் வரேன்னா, வரலீங்க. அவளுக்கு அங்க என்னமோ வேலை. மர்ஜினாதான் காத்தால, மத்தியானம், பொழுதோடன்னு வந்து உட்டுட்டுப் போவா. தலையை மடியில சாச்சு வெச்சு, ரெண்டு விரலால இமையைப் புடிச்சு, ஒரு சொட்டுக் கூடக் கன்னத்துல வழியாம உடுவா. 

அன்னிக்கும் அப்படித்தான். அவ மருந்து உட்டுட்டு இப்பத்தான் அக்கட்டால போறா, இக்கட்டால வாசல்ல ஒரு காரு வந்து நிக்குது. மைக்கைப் புடிச்சுட்டு ஒருத்தன், கேமராவைத் தூக்கிட்டு ஒருத்தன். பக்கத்து ஏரியாவுல நாலு பேரைப் போலீஸ் புடிச்சுட்டுப் போன சமாச்சாரம் அன்னிக்குத்தான் வந்திருந்துது. மைக்குக்காரன் நல்ல வாய்காரன். "அம்மா, உங்களை மாதிரி தாய்மாருங்க பேசுனாத்தான் நாட்டுக்குத் தெரியும்"ங்கறான். தாய்னு சொன்னா நாம என்னங்க பண்ண முடியும்? நான் உள்ள போய்ச் சேலையை மாத்திட்டு வந்து நின்னேன்.

உங்க ஊட்ல ஆரெல்லாம் குடி இருக்கறாங்கன்னு கேட்டான். நான் உள்ளதைச் சொன்னேன். "எங்கூட்ல இருக்கறதெல்லாம் நல்ல சனமுங்க. ரெண்டு ஊடு ஒடியா, நாலு ஊடு பீகாரு, கடேசி ஊட்ல வங்காள தேசத்துக்காரன், தங்கமான மனுசன்." இவ்வளவுதான். இதுல என்ன தப்பு இருக்குது?

வங்காள தேசம்னா வங்காளம்தானுங்க. எங்கய்யன் மாட்டு ஏவாரத்துக்குப் போவாரு. மைசூர் தேசம் போறேன்பாரு, மலையாள தேசம் போறேன்பாரு. பாலக்காட்டுக்குப் போயிட்டு வந்து மலையாள தேசத்துல நல்ல மழைன்னு சொல்லுவாரு. அவரென்ன பாஸ்போர்ட்டு எடுத்துட்டா போனாரு? நாங்க அப்படித்தான் சொல்லிப் பழகினவிய. தேசம்னா சீமை. அது இன்னொரு நாட்டுக்குப் பேரு, அதுக்குத் தனியாக் கொடி இருக்குது, ராசா இருக்குதுன்னு எனக்கெங்க தெரியும்?

பொழுதோட டிவியைப் போட்டா, என்ற மூஞ்சி. "கடேசி ஊட்ல வங்காள தேசத்துக்காரன்." அவ்வளவுதான். ஒடியாவைக் காணம், பீகாரைக் காணம், தங்கமான மனுசனைக் காணம். மறுக்கா மறுக்கா அதையே போடறானுக. ஒரு நிமிசத்துக்கு ஆறு தடவை. அதோட உட்டானுகளா? "கண்ணீர் மல்கப் பேட்டி"ன்னு கீழ எழுதறானுக. அது சொட்டு மருந்துங்க! மர்ஜினா உட்ட மருந்து கண்ணுல நின்னுட்டிருந்துது. அது கண்ணீராமா. தூ! இதெல்லாம் ஒரு பொழப்பா? பொணத்து வாயில போட்ட அரிசியைப் பொறுக்கித் திங்கறவன் கூட இவனுகளை விடத் தேவலை.

அந்த டிவிக்காரனுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேங்கறீங்களா? கேட்டிருக்கலாம். அன்னிக்கு எங்கீங்க நேரம், ஒறம்பரை சனமெல்லாம் எனக்குப் போன் மேல போன். காங்கயத்துச் சித்தி, ஈரோட்டுக் கொழுந்தியா, இருவது வருசமாப் பேசாத பங்காளி, எல்லாம் "டிவியில பாத்தோம், சேலை நல்லா இருந்துது"ங்கறாங்க. அதுல எனக்கு ஒண்ணும் பெருமை இல்லீங்க. மனுசங்க பேசறப்ப வெச்சுட்டுப் போக முடியுமா?

டிவியில இப்படிப் போட்டுட்டானுகன்னு அனாருகிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன். மக்யா நாள் காத்தால அவன் வேலைக்குக் கெளம்பற நேரத்துக்குப் போலீஸ் வந்திருச்சு. சோத்துப் போசியைக் கையில வெச்சுட்டே நிக்கறான். ஆதாரு காட்டறான். ஆதாரு செல்லாதுங்கறாங்க. ஓட்டுக் கார்டு காட்டறான். அது போலியா இருக்கலாம்ங்கறாங்க. ஊர்ல நிலப் பத்திரம் இருக்குதான்னா, அவனூரையே ஆறு அரிச்சுத் தின்னுபோட்டுதாமா, பத்திரம், பள்ளிக்கூடம், எல்லாம் தண்ணியில. ஆத்துகிட்டப் போயா பத்திரத்தை வாங்கிட்டு வருவான்? அவன் என்னைப் பாத்து, "ஆத்தா, நீங்க சொல்லுங்க ஆத்தா"ங்கறான். நான் என்னங்க சொல்லுவேன்? ரெண்டு போலீசு நிக்குது, தெருவே நின்னு வேடிக்கை பாக்குது. போயிட்டு வா சாமி, எல்லாம் செரியாப் போயிரும்னேன்.

அப்பறம் என்னையும் டேசனுக்கு வரச் சொன்னாங்க. அங்க ரைட்டர்னு ஒரு ஆளு, ஒண்ணும் தெரியாத பூனையாட்டப் பேசறான். "ஏம்மா, குடி இருக்கறவங்க வெவரத்தை டேசன்ல குடுக்கோணும்னு தெரியுமா? எட்டு வருசமா ஒரு பாரம் குடுத்திருக்கீங்களா?" குடுக்கலீங்க. ஆருங்க குடுக்கறாங்க? எங்க தெருவுல ஒருத்தரும் குடுக்கலை. "வெளிநாட்டுக்காரனுக்கு ஊடு குடுத்தா என்ன கேசு தெரியுமா?"ன்னான். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அப்பறம் ஒண்ணு கேட்டான் பாருங்க. "நீங்க சாட்சியா இருக்கறீங்களா, குத்தவாளியா இருக்கறீங்களா?"

சாட்சியாவே இருக்கறனுங்கன்னேன். நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

அவனா எழுதினான், நான் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருக்குதுன்னு படிக்கலீங்க. ஆப்பரேசன் பண்ணின கண்ணு, எழுத்து தெரியுமா? அனாருக்காக வந்த வக்கீலம்மா அப்பறம் படிச்சுக் காட்டுச்சு. "மேற்படி நபர் வங்கதேச நாட்டைச் சேர்ந்தவர் என்பது எனக்கு முன்பே தெரியும்"னு இருக்குதாமா. அடப்பாவி! நான் தேசம்னா, அவன் நாடுங்கறான்.

எனக்கு அவன் நம்ம நாடுன்னு தெரியாதான்னு கேக்கறீங்களா? ஏனுங்க தெரியாம? போன எலெக்சனுக்கு ரயிலேறி அவனூருக்குப் போயி ஓட்டுப் போட்டுட்டு வந்தான். வந்ததும் வெரலை நீட்டி மையைக் காட்டறான் என்கிட்ட. "ஆத்தா, நான் போட்டாச்சு, நீங்க?"ங்கறான். அந்தப் பத்து நாளும் தண்ணி மோட்டரு போட ஆளில்லாம நான் பட்ட பாடு! அவன்தான் தெனம் மோட்டரு போடுவான். அதை டேசன்ல சொல்லலையான்னா, அவன் மோட்டரைப் பத்திக் கேக்கலையே.

அப்பறம் டிவிக்காரனுக உடலை. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல விவாதம்னு ஒண்ணு வெக்கறானுகல்ல, நாலு பொட்டி போட்டு நாலு மூஞ்சி. "ஊடுருவலா, மனிதாபிமானமா?" எனக்குப் போனைப் போட்டு லைன்ல வெச்சிருந்தானுக. ஒருத்தன் எல்லாத்தையும் அள்ளிக் கப்பல்ல ஏத்துங்கறான். இன்னொருத்தன் சங்க காலத்துல நாம கப்பல்ல போனோம்ங்கறான். நடுவால ஒரு அம்மா ரெண்டு பேரையும் பேச உடாமச் சிரிக்குது. அனாருன்னு ஒரு பேரு அங்க ஒருத்தன் வாயிலிருந்தாவது வந்துதா? வல்லீங்க. அரை மணி நேரம் கழிச்சு, "அம்மா, உங்களுக்குப் பயமா இருக்கா?"ன்னு என்னைக் கேக்கறாங்க. பயமாத்தானுங்க இருக்குதுன்னேன். டேசன், கேசு, கோர்ட்டு, பயமா இருக்காதா? அதைப் புடிச்சுட்டானுக. "அச்சத்தில் தமிழ்த் தாய்மார்கள்." சாப்பிட்ட தட்டை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.

போராட்டத்தையும் கேளுங்க. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல என்ற மூஞ்சியை ஆறடிக்கு பிளெக்ஸ் வெச்சு, "ஒரு தாயின் கண்ணீருக்கு என்ன பதில்?"னு ஒரு கும்பல். காத்தால பத்துல இருந்து பதினொண்ணு அவியளுக்கு. பதினொண்ணுல இருந்து பன்னெண்டு இன்னொரு கும்பலுக்கு, "தொழிலாளியை விடுதலை செய்"னு. அவிய நோட்டீசுல என்னை ஆதிக்க மனப்பான்மைன்னு எழுதியிருக்கறாங்க. ஆதிக்கமாமா! நாலு சேலையை மாத்திக் கட்டற எனக்கு ஆதிக்கம். ரெண்டு பேருக்கும் ஒரே மைக் செட்டுங்க. ஒரே சாமியானாப் பந்தல். மொத கும்பல் எறங்கினதும் மைக் செட்டுக்காரன் பாட்டைத்தான் மாத்தினான், சேரைக் கூட நகத்தலை. நான் அக்கட்டால பேக்கரியில நின்னு பாத்தேன். ரெண்டு பக்கமும் கத்தினானுக. அனாரு பொண்டாட்டி ஒரு ஓரமா, புள்ளையைக் கையில புடிச்சுட்டு, எந்தப் பக்கம் நிக்கறதுன்னு தெரியாம நிக்கறா. நான் போய்க் கூட்டியாந்திருக்கலாம். அந்தப் பிளெக்ஸுக்குக் கீழ நான் எப்படிப் போயி நிப்பேன்? நாலு பேரு என்னைத்தானே பாப்பாங்க.

அந்த வக்கீலம்மா பேரு எழிலரசி. தொழிலாளர் சங்கத்துல இருந்து வந்துது. சின்ன வயசு, ஆனா வாய் இருக்குதே! மூணு தடவை ஊட்டுக்கு வந்துருச்சு. "நீங்க சொன்ன ஒரு வார்த்தையிலதாம்மா கேசே நிக்குது. கோர்ட்டுக்கு வந்து, நான் சொன்னது மேற்கு வங்காளம்தான், அவரு ஓட்டுப் போட்டுட்டு வந்ததை நானே பாத்தேன்னு சொல்லுங்க. அது போதும். இல்லைன்னா முகாமுக்கு அனுப்பி, அங்கிருந்து கொண்டு போயி எல்லையில தள்ளிருவாங்க. அப்பறம் அந்த மனுசனை நாம தேட முடியாது"ங்குது. ஒரு வார்த்தைதானேம்மா, ஒரு வார்த்தைதானேம்மான்னு. சொல்றது சுலுவுங்க. டேசன்ல ஒண்ணு சொல்லி, கோர்ட்டுல ஒண்ணு சொன்னா, அப்பறம் என்னையத் தூக்கி உள்ள வெக்க மாட்டாங்களா? மாப்பிள்ளை போன்ல சொல்லிட்டாரு, "நீங்க அந்தப் பக்கமே போகாதீங்கத்தை, கெளம்பி நம்மூட்டுக்கு வந்துருங்க"ன்னு. மாப்பிள்ளை சொன்னா மீற முடியுமா?

வரேன்னுதான் வக்கீலம்மாகிட்டச் சொல்லி வெச்சிருந்தேன். மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு எப்படிங்க சொல்றது?

மர்ஜினா ஒண்ணும் கேக்க மாட்டா. அதுதான் எனக்கு ஆகலை. வாயைத் தொறந்து திட்டியிருந்தாக் கூட நானும் நாலு திட்டுத் திட்டி மனசாறியிருப்பேன். அவ எப்பவும் போல மூணு வேளை வந்து கண்ணுக்கு மருந்து உட்டுட்டுப் போறா. நான் கண்ணை மூடிக்குவேன். தொறங்க ஆத்தான்னு சொல்லுவா. தெருவுல நாலு பேரு நாலு பேச்சுப் பேசறாங்கன்னு, ரெண்டு நாள் உங்க சனத்தோட போயி இருந்துக்க அம்மிணின்னு சொல்லிப் பாத்தேன். தொரத்தலீங்க, நல்லதுக்குத்தான் சொன்னேன். மருந்து தீர்ற வரைக்கும் இருக்கறேன் ஆத்தான்னுட்டா.

முந்தாநேத்து அந்தப் புள்ளை ரிங்கி வந்து வாசல் கேட்டுக்குப் பக்கத்துல நின்னுது. இஸ்கோல் துணி கூட மாத்தலை. "ஆத்தா, எங்கப்பா எந்தூருன்னு உங்களுக்குத் தெரியுமுங்கல்ல? நீங்க சொன்னா உட்டுருவாங்களாமா"ன்னு கேக்குது. ஆரோ சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கறாங்க பாருங்க! பச்சப் புள்ளையை இப்படிப் பழக்கலாமா? அருவருப்பா இருந்துது எனக்கு. முறுக்கு எடுத்துக் குடுத்து அனுப்பி உட்டேன். முறுக்கை வாங்கிட்டு, "வியாழக்கெழமை வந்துருவீங்கல்ல?"ங்குது. தலையாட்டினேன். புள்ளைகிட்ட வேறென்ன சொல்லுவீங்க?

ஒருத்தனுக்கும் மனசாட்சி இல்லீங்க அம்மிணி. டிவிக்காரனுக்கு இல்லை, போலீசுக்காரனுக்கு இல்லை, கொடி புடிக்கறவனுக்கு இல்லை. எல்லாரும் சேந்து ஒரு அப்புராணியை உள்ள தள்ளிட்டு, பழியை வயசான பொம்பளை தலையில கட்டிட்டாங்க. நெனைச்சா நெஞ்சு எரியுது. இந்த நாட்டுல நல்லவங்களுக்குக் காலமே இல்லை.

சித்த இருங்க, போன் அடிக்குது. இந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் புடிங்க. மர்ஜினா நம்பரு. மணி என்னாச்சு? பதினொண்ணு பத்தா? 

அடிச்சு ஓயட்டும்.

மறுக்காவும் அடிக்குது பாருங்க. அம்மிணி, நீங்க எடுத்து ராங் நம்பருன்னு சொல்லிடறீங்களா? ஒரு வார்த்தைதானுங்க. ஏன், மாட்டீங்களா? செரி உடுங்க. நானே சொல்லிக்கறேன்.

அல்லோ. ஆருங்க? இல்லீங்க, ராங் நம்பருங்க. இல்லை சாமி, ராங் நம்பரு.

வெச்சிருச்சு. அவ இல்லீங்க, அந்தப் புள்ளை. "ஆத்தா, உங்க பேரை மூணு தடவை கூப்புட்டாங்க, எங்க நிக்கறீங்க?"ன்னு கேட்டுது. ராங் நம்பருன்னு சொன்னேன். அப்பறம் "செரிங்காத்தா"ன்னு சொல்லி வெச்சிருச்சு.

ஏனுங்க அம்மிணி, எதுக்குங்க எந்திரிக்கறீங்க? பழனி வரைக்கும்னு தானே சொன்னீங்க?